தைத்து மூடிய இடம்

இதைக் கட்டுக்கதை என்று சொல்கிறவர்கள் எங்கள் ஊர் ஆல்டூனாவுக்கு வாருங்கள். சட்டையைக் கழற்றிக் காட்டுகிறேன். என் இடது மார்பில் வரிசையாக ஊசி குத்திய தழும்புகள் இருக்கின்றன. டாக்டர் ஏதோ அலர்ஜி என்றார். அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போவார். அந்த ஊசி உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவன் நான்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நடுராத்திரி, மின்வெட்டு, நாய் ஊளை எல்லாம் எதிர்பார்க்காதீர்கள். இது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நடந்தது. சமையலறை அடுப்பில் ஆப்பிள் பை என்கிற பலகாரம் வெந்துகொண்டிருந்தது. வெளியே பனி வெளிச்சத்தில் கண் கூசியது. பட்டப்பகலில் எனக்கு அது நடந்தது.

என் பெயர் ஆர்லன். லாரி மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். பழைய ராணுவப் பதக்கங்கள் என்றால் எனக்குப் பைத்தியம். அதிலும் தனிப் பதக்கத்தை நான் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஒரே சிப்பாய் வாங்கிய பதக்கங்களை எல்லாம் ஒரு பட்டையில் வரிசையாகத் தைத்து, ஒரே ஊசியில் நெஞ்சில் குத்திக்கொள்ளும்படி செய்திருப்பார்கள். அதை நாங்கள் கோர்வை என்போம். எதற்கு அடுத்து எது வரவேண்டும் என்று ராணுவத்தில் சட்டம் உண்டு. அந்த வரிசையைப் பார்த்தே ஆள் எந்தப் படை, எந்தக் கடலில் சண்டை போட்டான், ஒழுங்காக இருந்தானா என்று சொல்லிவிடலாம். ஆள் மண்ணோடு மண்ணாகியிருப்பான். அவன் கோர்வை மட்டும் என் மேஜையில் கிடந்து அவனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்.

இந்தப் பைத்தியத்தில் எனக்குக் கூட்டு ரஸ்கோ. என் மனைவி டார்லாவின் தம்பி. அப்பா அம்மா சீக்கிரமே போய்விட்டதால் டார்லாதான் அவனைத் தூக்கி வளர்த்தாள். நாற்பது வயதாகியும் அவளுக்கு அவன் கைக்குழந்தைதான். "அவன் மேல ஒரு கீறல் விழுந்தாலும் உன்னத்தான் கேப்பேன்" என்று கல்யாணமான புதிதிலேயே என்னிடம் சொல்லிவிட்டாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்றுதான் நானும் நினைத்தேன்.

தீயணைப்பு நிலைய ஹாலில் குளிர்காலத்தில் பழம்பொருள் சந்தை போடுவார்கள். அங்கே ஒரு மூலையில், எண்பது வயதுக்கு மேலான ஓபல் என்ற பெண்மணி கண்ணாடிக் கிண்ணங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிண்ணங்களுக்கு நடுவே ஒரு சுருட்டுப் பெட்டி. ரஸ்கோ மூடியைத் திறந்தான். உள்ளே ஒரு கோர்வை.

"நடுவுல ஒண்ணக் காணோமே. யாரும்மா கழட்டுனது?"

"எங்க அத்தை."

"ஏன் கழட்டுனாங்க?"

"கழட்டணும்னு தோணிச்சு, கழட்டுனா. உனக்கு வேணுமா, வேண்டாமா? நான் முதியோர் இல்லத்துக்குப் போறேன். அங்க கட்டில் போடத்தான் இடம் இருக்கு."

வாங்கி வந்தோம். முதலில் வெண்கல நட்சத்திரம். அடுத்து காலி இடம். பிறகு நன்னடத்தைப் பதக்கம், பசிபிக் போருக்கான பதக்கம், வெற்றிப் பதக்கம். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரர்களோடு மோதிய மரீன் படை வீரன். நன்னடத்தைப் பதக்கத்தின் பின்பக்கம் பெயர் வெட்டியிருந்தது. கிளைட் யோஸ்ட். நட்சத்திரத்துக்கும் நன்னடத்தைக்கும் நடுவில் இருந்தது பர்ப்பிள் ஹார்ட் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஊதா நிறத்தில், இதய வடிவத்தில் இருக்கும். போரில் எதிரியால் காயம் பட்டவனுக்குக் கொடுப்பது. செத்துப்போனால் வீட்டுக்கு அனுப்புவார்கள்.

ஆனால் அந்தக் காலி இடம் சாதாரணமாக இல்லை. மேலே கறுப்புக் கம்பளித் துண்டு ஒன்றை வைத்து, கறுப்பு நூலால் குறுக்கும் நெடுக்குமாகத் தைத்திருந்தது. தைத்ததன் மேலேயே திரும்பத் திரும்பத் தைத்திருந்தது. இனி ஒரு ஊசிகூட அதில் இறங்காது.

"கிழவி அத்தைக்கு வேற வேலை இல்ல போல" என்றான் ரஸ்கோ.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அவன் வந்தபோது கையில் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. ஒஹையோ பக்கம் ஏதோ ஏலத்தில் மொத்தமாக எடுத்த பர்ப்பிள் ஹார்ட்டுகள். எதிலும் பெயர் கிடையாது. இருவரும் சாப்பிட்ட கையோடு பேஸ்மென்ட்டுக்கு இறங்கினோம். என் சேகரிப்பு முழுக்க அங்கேதான். சுவர் முழுக்கக் கண்ணாடிச் சட்டங்கள். அவற்றுக்கு நடுவில், ஆணியில், மரீன் சண்டைக்கத்தி ஒன்று உறையோடு தொங்கும்.

"எவனோட மெடலையோ கொண்டுவந்து இதுல ஒட்டுப்போடலாம்னு பாக்கறியா? கையை உடைச்சிருவேன்" என்றேன். கோர்வையில் அடுத்தவன் பதக்கத்தைச் சேர்ப்பது எங்கள் ஆட்களுக்குள் பெரிய அயோக்கியத்தனம்.

"அட இரு மச்சான். மொதல்ல இதப் பாரு."

நட்சத்திரத்தை லென்ஸுக்குக் கீழே வைத்தான். அதன் ஒரு முனை வளைந்திருந்தது. வளைவுக்குள் கடுகளவு ஊதா எனாமல் துணுக்கு சிக்கியிருந்தது. பிறகு டப்பாவிலிருந்து ஒரு இதயத்தை எடுத்து வைத்தான். அதன் ஓரத்தில் எனாமல் பெயர்ந்து ஒரு பள்ளம். துணுக்கும் பள்ளமும் அப்படியே பொருந்தின. இரண்டையும் மாற்றி மாற்றி லென்ஸில் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது எனக்குச் சந்தோஷம்தான்.

எங்களைப் போன்றவர்களுக்கு இதைவிடப் பெரிய பாக்கியம் இல்லை. பிரிந்துபோன பதக்கம் தன் கோர்வைக்கே திரும்பி வருவது. நாற்பது வருடமாகச் சேகரிக்கிறேன். எனக்கு இப்படி ஒன்று வாய்த்ததே இல்லை. யாராவது நிறுத்தச் சொல்லியிருந்தால்கூட நான் கேட்டிருக்க மாட்டேன்.

"ரெண்டும் எப்படி இவ்வளவு அழுத்தமா மோதியிருக்கும்?" என்றேன்.

"யாரையாவது கட்டிப்பிடிச்சிருப்பான். பொண்டாட்டிய" என்று கண்ணடித்தான்.

ஒரே ஒரு விஷயம் உறுத்தியது. அந்த இதயம் முழுக்கப் பச்சைக் களிம்பு. ரிப்பன் இல்லை. மேல்வளையத்துக்குள் காய்ந்த மண் அடைத்திருந்தது. முகர்ந்து பார்த்தேன். புதிதாகத் தோண்டிய மண் போல வாடை அடித்தது.

"எவனோ தோட்டத்துல போட்டிருப்பான். விடு" என்றான் ரஸ்கோ.

நான் இடது கைக்காரன். வலது கையால் ரொட்டியில் வெண்ணெய் தடவக்கூட எனக்கு வராது. பிளேடை எடுத்துத் தையலைப் பிரிக்கப் போனேன்.

"நொட்டாங்கைய வெச்சுக்கிட்டு நாசம் பண்ணாத. தள்ளு" என்று பிடுங்கிக்கொண்டான்.

ஒவ்வொரு நூலாக அறுத்தான். முதலில் காய்ந்த நூல்தான் வந்தது. உள்ளே போகப் போக நூல் ஈரமாக இருந்தது. ரஸ்கோ விரலைப் பார்த்தான். பழுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. பேண்ட்டில் துடைத்துக்கொண்டான். மேலே டார்லா சமையலறையில் நடக்கிற சத்தம் கேட்டது. பிறகு பின்கதவு திறந்து மூடியது. வாசலில் பனி தள்ளப் போகிறாள் போலிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் மண்வெட்டி தரையில் உரசும் சத்தம் வந்தது. சர்... சர்...

கடைசி நூல் அறுந்தது. மூலையில் இருந்த ஹீட்டர் சட்டென்று நின்றது.

ரஸ்கோ புது ரிப்பன் போட்டு இதயத்தை அதன் இடத்தில் வைத்துத் தைத்தான். நன்றாகத் தைப்பான். பட்டையைத் தூக்கிப் பிடித்தான்.

"முழுசாயிடுச்சு மச்சான்."

பதக்கங்கள் ஒன்றோடொன்று தட்டின. ணிங்... ணிங்... அவன் பட்டையை மேஜையில் வைத்த பிறகும் அந்தச் சத்தம் கேட்டது.

"போட்டுக்க. ஒரு போட்டோ எடுக்கறேன். நம்ம மெடல் பசங்க வயிறெரியணும்."

"செத்தவன் மெடல நாம போடக்கூடாதுடா."

"ஒரு நிமிஷந்தானே. என் தொந்தி மேல வெச்சா படுத்துக்கும். உன் நெஞ்சுதான் பலகை மாதிரி இருக்கு."

சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்புதான் நானாகச் செய்த கடைசிக் காரியம். அவன் என் ஸ்வெட்டரில், இடது பக்கம், பட்டையைக் குத்தினான்.

என் முதுகு நிமிர்ந்தது.

பத்து வருடமாக எனக்கு முதுகு வலி. நேராக நிற்க முடியாது. அன்று யாரோ பின்னால் முழங்காலை வைத்து அழுத்தியது போல முதுகு விறைத்து நின்றது. குதிகால்கள் தாமாகச் சேர்ந்தன. மண் வாடை அடித்தது. அதோடு வெடிமருந்து, அழுகிய தேங்காய், மலம்... எல்லா நாற்றமும் சேர்ந்து வந்தது.

"மச்சான், சிரி" என்றான் ரஸ்கோ. கையில் போனைப் பிடித்திருந்தான்.

அவன் முகம் எனக்குத் தெரிந்தது. ஆனால் யார் என்று தெரியவில்லை.

என் வலது கை சுவரை நோக்கிப் போனது. நான் போகச் சொல்லவில்லை. உறையின் பித்தான் கழன்றது. டக்.

"டேய், என்ன பண்ற?"

முதல் வீச்சு அவன் உள்ளங்கையில் விழுந்தது. போன் தெறித்தது. இரண்டு விரல்கள் பின்பக்கமாகத் தொங்கின. அவன் கத்தவில்லை. கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஏதோ வேடிக்கை என்று இன்னமும் நினைத்தான் போலிருக்கிறது.

இரண்டாவது தோளில். கத்தி எலும்பில் இடித்ததை என் முழங்கை வரை உணர்ந்தேன். இப்போதுதான் கத்தினான்.

"மச்சான்! நான்டா... ரஸ்கோடா!"

நிறுத்து, நிறுத்து என்று உள்ளே நான் அலறினேன். என் வாய் திறந்தது. வேறு ஒருவன் குரல் வந்தது. இளவயதுக் குரல்.

"மத்தவனுங்க எங்க?"

ரஸ்கோ மேஜையோடு சாய்ந்தான். நான் அவன் முடியைப் பிடித்தேன். மூன்றாவது, விலாவுக்குக் கீழே. கைப்பிடி வரை போனது. வெளியே இழுத்தபோது வந்த சத்தத்தை நான் எழுதப்போவதில்லை.

அவன் தரையில் விழுந்தான். ரத்தம் என் செருப்புக்கு அடியில் வழுக்கியது. சூடாக இருந்தது.

கை மறுபடி உயர்ந்தது. இந்த முறை நெஞ்சுக்கு.

அப்போது படிக்கட்டில் காலடி.

டார்லா.

பழுப்புக் கவுன். மாவு படிந்த ஏப்ரன். எனக்கு உயிர் வந்தது. என் கையைப் பிடி, உன் தம்பியைக் காப்பாற்று என்று கதறினேன். சத்தம் வரவில்லை.

அவள் தம்பியைப் பார்க்கவே இல்லை.

நேராக என்னிடம் வந்தாள். நெஞ்சருகே குனிந்தாள். அவள் தலை வகிடு மட்டும் தெரிந்தது. நரைக்காத கறுப்பு முடி.

பட்டையில் கை வைத்து எதையோ பிடுங்கினாள். டர்...

பிறகு தைக்க ஆரம்பித்தாள்.

என் மேலேயே.

ஊசி ஸ்வெட்டரைத் தாண்டி உள்ளே இறங்கியது. வெளியே வந்தது. நூல் சதைக்குள் ஓடுவது தெரிந்தது. மறுபடி இறங்கியது. அவள் அவசர அவசரமாகத் தைத்தாள். ஏதோ முணுமுணுத்தாள்.

மண்வெட்டிச் சத்தம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

வாசலில்.

சர்... சர்...

டார்லா நரைத்து வெகுகாலம் ஆகிறது.

அவள் என் நெஞ்சில் வாயை வைத்தாள். பல் பட்டது. ஐஸ் போல.

நூலைக் கடித்தாள்.

கத்தி கீழே விழுந்தது.

என் தொண்டை திறந்துகொண்டது. நான் போட்ட கூச்சல் தெருவுக்கே கேட்டிருக்கும். மண்வெட்டிச் சத்தம் நின்றது. பின்கதவு மோதித் திறந்தது. டார்லா படியில் ஓடிவந்தாள். கனமான கோட்டு, பூட்ஸ், தொப்பியெல்லாம் பனி. கையில் மண்வெட்டி. என்னைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். கத்தியைப் பார்த்தாள்.

"என்ன பண்ணின ஆர்லன்? என் பிள்ளைய என்ன பண்ணின?"

பேஸ்மென்ட்டில் எங்கள் மூவரைத் தவிர யாரும் இல்லை.

ரஸ்கோ பிழைத்தான். மண்ணீரலை எடுத்துவிட்டார்கள். இரண்டு விரல்கள் மடங்காது. போலீஸ் வந்து கேட்டபோது, தரையில் வழுக்கிக் கத்தி மேலேயே விழுந்தேன் என்று சாதித்துவிட்டான். மூன்று தடவையா விழுந்தாய் என்று அந்த அதிகாரி கேட்டார். "குண்டன் சார், உருண்டேன்" என்றான். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அவன் வேறு எதுவும் சொல்லாததால் விட்டுவிட்டார்கள்.

டார்லா ஆஸ்பத்திரி வாசலில் என்னைத் தடுத்தாள். பிறகு ரஸ்கோ சொன்னதால் அவளே உள்ளே விட்டாள்.

"நீ இல்ல மச்சான்" என்றான் அவன். மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான். "நீ நொட்டாங்கைக்காரன். குத்துனது சோத்தாங்கை. எனக்குத் தெரியும். அக்காகிட்டயும் சொல்லிட்டேன்."

நான் அழுதேன். அவன் முன்னால் வெட்கமில்லாமல் அழுதேன்.

ரத்தமான ஸ்வெட்டரிலிருந்து பட்டையைக் கத்தரித்து எடுக்க வேண்டியிருந்தது. சதையோடு சேர்த்துத் தைத்திருந்தது. காலி இடம் பழையபடி மூடியிருந்தது. அதே கறுப்பு நூல், குறுக்கும் நெடுக்குமாக. பர்ப்பிள் ஹார்ட்டைக் காணவில்லை. பேஸ்மென்ட் முழுக்கத் தேடினேன். மேஜையை நகர்த்தி, ஹீட்டரைக் கழற்றிக்கூடப் பார்த்துவிட்டேன். கிடைக்கவில்லை.

பனி உருகியதும் பட்டையை எடுத்துக்கொண்டு ஓபலைத் தேடி முதியோர் இல்லத்துக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அவர் கண் பட்டைக்குத்தான் போனது.

"பிரிச்சீங்களா?"

தலையாட்டினேன்.

"அப்படித் தைச்சிருந்துச்சே. எவன் பிரிக்கப்போறான்னு நெனச்சேனே தம்பி..."

நான் நடந்ததைச் சொன்னேன். முடித்ததும் அவர் சொன்னார். கிளைட் யோஸ்ட் அவருடைய அத்தை புருஷன். நல்ல மனிதர், ஒரு ஈயைக்கூட அடிக்க மாட்டார். போர் முடிந்து நாலைந்து வருடம் கழித்துத்தான் அவருக்கு அந்தப் பதக்கம் தபாலில் வந்தது. அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமையில் நடந்தது இது. அத்தையின் தம்பி எம்மட், அதாவது ஓபலின் அப்பா, அதைக் கோர்வையில் சேர்த்துத் தைத்தார். பேஸ்மென்ட்டில் வைத்து அவரே மாமாவின் நெஞ்சில் குத்திவிட்டார்.

"'முழுசாயிடுச்சு மச்சான், போட்டுக்க'ன்னு எங்கப்பா சொன்னது இப்பவும் காதுல இருக்கு. நான் படிக்கட்டுக்கு அடியில வெளையாடிட்டு இருந்தேன். மாமா சுவத்துல இருந்த கத்திய எடுத்தாரு. கையில, தோள்ல, விலாவுக்குக் கீழ, அப்புறம் நெஞ்சுல. எங்கப்பா அவரக் கட்டிப்பிடிச்சுத் தடுத்துப் பாத்தாரு. முடியல. 'மத்தவனுங்க எங்க'ன்னு கேட்டுக்கிட்டே மாமா தேடுனாரு. மிச்சம் இருந்தது நான் மட்டுந்தான்."

"உங்க அத்தை?"

"மேல ஆப்பிள் பைக்கு மாவு பெசஞ்சிட்டு இருந்தா. ஓடி வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுது. மெடலப் பிச்சு எடுத்தா. மாமா பொம்மையாட்டம் உக்காந்துட்டாரு. அத்தை அங்கயே அந்த எடத்தத் தைச்சா. கத்தரிக்கோலுகூடத் தேடல, பல்லாலயே நூலக் கடிச்சா. 'கொஞ்சம் முன்னால வந்திருக்கணும், முன்னால வந்திருக்கணும்'னு சொல்லிக்கிட்டே தைச்சா."

என் நெஞ்சில் தழும்புகள் குறுகுறுத்தன. அன்று அவள் முணுமுணுத்தது என்ன என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"அப்புறம் அந்த மெடலை வித்துட்டாங்களா அம்மா? அதான் எங்க டப்பாவுல..."

ஓபல் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"அந்த மெடலு யாருக்குக் குடுக்கறது தம்பி?"

"காயம் பட்டவனுக்கு. இல்ல, செத்தவனுக்கு."

"அதத்தான் அத்தையும் சொன்னா. 'இது எந்தம்பிக்குச் சேர வேண்டியது'ன்னு சொல்லி, எங்கப்பா கோட்டுல, இடது பக்கம், அவளே குத்துனா. பெட்டிய மூடுனத நான் பக்கத்துல நின்னு பாத்தேன். மண்ணும் போட்டேன். வித்த மெடல் இல்ல தம்பி அது. எங்கப்பாகூடக் குழிக்குள்ள இருக்கு."

அவர் கை என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. பட்டையை அவரிடமே விட்டுவிட்டு வந்தேன். அதன் பிறகு நான் ஒரு கோர்வைகூட வாங்கவில்லை.

ரஸ்கோ இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறான். கை சரியாக வராததால் டார்லாதான் அவன் துணிகளைத் துவைக்கிறாள். சாப்பிடும்போது அடிக்கடி இடது மார்பைத் தட்டிவிட்டுக்கொள்வான். என்னடா என்றால், "ஒண்ணுமில்ல மச்சான், இங்க ஏதோ தொங்குற மாதிரியே இருக்கு" என்பான்.

போன வாரம் டார்லா அவன் சட்டைகளைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டாள். எது போட்டுத் தேய்த்தாலும் போகவில்லை என்றாள்.

எல்லாச் சட்டையிலும் இடது பக்கம் ஊசி குத்திய இரண்டு ஓட்டைகள். அதற்குக் கீழே, இதய வடிவத்தில், பச்சைக் கறை.